நசுங்கிய புள்ளிகள்

"நீங்க கண்டுபிடிக்க வேண்டியது ஒண்ணுமே இல்ல," என்றார் நிர்வாகி. "செஞ்சது யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அதையே நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா போதும்."

உட்காரச் சொல்லவில்லை. அவர் மேசைக்கு எதிரே கிடந்த இரண்டு நாற்காலிகளிலும் கோப்புகள் குவிந்திருந்தன. ஊசி மேடம் ஒரு குவியலைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நிர்வாகியின் முகம் கடுகடுத்தது.

ஊசி மேடம் பல வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைத் துருவிப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். நூல் நுழையாத இடத்திலும் கேள்வியை நுழைப்பார் என்று கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் ஊசி. வேலையை விட்டு வந்த பிறகும் பெயர் கூடவே வந்துவிட்டது. உதவியாளன் பெயர் வால். எப்போதும் பின்னாலேயே வருவதால் அந்தப் பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். அவன் வாயைத் திறந்து கேட்டவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

"அப்ப எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க சார்?" என்று வால் கேட்டான். "கையெழுத்து அழகா இருக்கும்னு யாராவது சொன்னாங்களா?"

நிர்வாகி அவனைப் பார்க்காமலே விஷயத்தைச் சொன்னார்.

நடு வயதில் பார்வை இழந்தவர்கள் தங்கிப் படிக்கிற இல்லம் அது. பிரெய்ல் எழுத்தைத் தடவிப் படிக்கவும் ஆணியால் குத்தி எழுதவும் கற்றுக்கொடுத்து அனுப்புவார்கள். பாடப் புத்தகங்கள் மூன்று பாகம். வேறொரு நூலகம் இரவலாகக் கொடுத்தவை. அந்தப் புத்தகங்களின் புள்ளிகளை யாரோ நசுக்கிவிட்டார்கள். தேர்வு நெருங்குகிற நேரத்தில் வகுப்பு முழுவதும் தடவிப் பார்க்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தது. செய்தவன் பெயரோடு பதில் வேண்டும், இல்லையென்றால் இனி ஒரு தாள்கூடத் தரமாட்டோம் என்று நூலகம் சொல்லிவிட்டது.

செய்தவர் என்று எல்லோரும் விரல் நீட்டிய ஆள் ஒரு லாரி டிரைவர். சர்க்கரை நோய் முற்றிப் பார்வை போனவர். மைத்துனன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தார். அவர்களால் வைத்துப் பார்க்க முடியவில்லை, இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். குரலை வைத்து இல்லத்தில் அவருக்கு ஹாரன் என்று பெயர். முதல் நாளே வகுப்பில், இதெல்லாம் எழுத்தா, கொசு கடிச்ச தடிப்பா என்று கேட்டிருக்கிறார். படிக்கச் சொன்னால் புத்தகத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். ஒன்று அவர் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியாகிவிட்டது. போன வாரம் குளியலறையில் ஹாரன் வழுக்கி விழுந்து நெற்றியில் தையல் போட்டிருந்தது.

"வழுக்கினாரா, வழுக்க வைச்சாங்களா?" என்றார் ஊசி மேடம்.

"அதுக்கு உங்களைக் கூப்பிடல," என்றார் நிர்வாகி.

*

புத்தக அறையில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதுக்கு ஒட்டினாற்போல இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கலையாத கொண்டை, சுருக்கமில்லாத புடவை, அலமாரியின் குறுக்கே நீட்டிய ஒரு கை. அந்தக் கையைத் தாண்டி யாரும் புத்தகத்தைத் தொட முடியாது.

கண் தெரிந்தவர்கள் வந்து இந்தப் புத்தகங்களைப் பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். வால் முதல் பாகத்தை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் முழுவதும் விரலால் தடவினான். ரொம்ப மோசமாக நசுக்கிவிட்டார்கள், ஒரு எழுத்துகூடத் தட்டுப்படவில்லை என்றான்.

டீச்சர் அதே பக்கத்தை ஒரு தடவு தடவினார். "இது நல்லா இருக்கற பக்கம். கெட்டது இதுக்கு முன்னாடி இருக்கு. உங்க விரலுக்கு எல்லாப் பக்கமும் நசுங்கினதுதான்."

வால் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டான். அதை அதிக நேரம் அவனால் காப்பாற்ற முடியவில்லை. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்திருப்பார்கள் என்றான். காகிதம் கருகவே இல்லையே என்றார் ஊசி மேடம். அப்படியானால் உருளைக்கட்டை என்றான். உருளைக்கட்டை பக்கம் முழுவதும் ஒரே மாதிரிதானே நசுக்கும் என்றார் ஊசி மேடம். பிறகு டீச்சரிடம் திரும்பி, எந்த வரியில் எந்த இடம் கெட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தடவிச் சொல்லச் சொன்னார்.

"எல்லாம் போச்சுன்னு சொல்லிட்டேனே."

"எல்லாம்னு சொன்னா எனக்குப் போதாது. வரி வரியாச் சொல்லுங்க."

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தார். முதல் வரி, தொடக்கம் செத்துவிட்டது, முடிவு இருக்கிறது. இரண்டாவது வரி, தொடக்கம் செத்துவிட்டது, முடிவு இருக்கிறது. மூன்றாவதும் அப்படியே. பக்கம் தள்ளத் தள்ளச் சேதம் குறைந்துகொண்டே வந்தது. முதல் பாகத்தின் முதல் பாடம்தான் ரொம்ப மோசம். இரண்டாம் பாகத்தில் கொஞ்சம். மூன்றாம் பாகத்தில் முதல் பக்கத்தோடு சரி. தேர்வுக்கு வருவது முக்கியமாக மூன்றாம் பாகம்தான் என்று டீச்சரே சொன்னார்.

ஊசி மேடம் பக்கத்தின் இடது ஓரத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பழுப்பாக ஒரு கறை. அடுத்த பக்கத்திலும் அதே ஓரத்தில், அதே பழுப்பு.

ஹாரன் வகுப்பில் எழுதுவாரா என்று கேட்டார். அதில்தான் தனக்கு ஆத்திரமே என்றார் டீச்சர். குழி குழியாக இருக்கிற சட்டத்தைத் தாளில் மாட்டி, ஆணியை எடுத்து, வலமிருந்து இடமாகத் தப்பில்லாமல் குத்துகிறார். வகுப்பிலேயே சுத்தமாக எழுதுகிறவர் அவர்தான். எழுத்து மொத்தமும் மனப்பாடம். ஆனால் திருப்பிப் படியுங்கள் என்றால், நீயே படி என்று எழுந்து போய்விடுகிறார்.

"எழுதத் தெரிஞ்சவனுக்குப் படிக்கத் தெரியாம இருக்குமா? திமிரு. ஒரு பொம்பளைகிட்ட, அதுவும் தன்னைவிடச் சின்னவகிட்ட, ஒப்பிக்கிறதான்னு திமிரு."

வெளியே வந்ததும் வால் மெதுவாகச் சொன்னான். "மேடம், அந்த ஆள் செஞ்சிருந்தா இப்படியா செய்வார்? கோபக்காரன் கடைசிப் புத்தகத்தைத்தானே கிழிப்பான். இவன் யாரோ முதல் பாடத்துலேருந்து ஒழுங்கா வரிசையா வந்திருக்கான். நாசம் பண்றவனுக்கு இவ்வளவு ஒழுக்கம் எதுக்கு?"

"நல்ல கேள்வி," என்றார் ஊசி மேடம். "அதையே கையில பிடிச்சுக்க."

*

தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில், இங்கே படிக்கிறவர்களில் ஒருவரான பழைய தபால்காரர் உட்கார்ந்திருந்தார். கடிதம் பிரித்த கைகளாம், அதனால் வகுப்பில் முதலில் படிக்கக் கற்றுக்கொண்டவர் அவர்தானாம். வேறு பேச்சு இல்லாமல் ஹாரனைப் பற்றியே ஆரம்பித்தார். சாயங்காலம் எல்லோரும் முற்றத்தில் கைத்தடி பிடித்து நடக்கப் பழகும்போது அந்த ஆள் மட்டும் முழங்கால் வலி என்று உள்ளே தங்கிவிடுவான். புத்தக அறைக் கதவு கிறீச்சிடுவது முற்றம்வரை கேட்கும். இன்னும் என்ன சாட்சி வேண்டும். அவன் ஒருவனால் பதினைந்து பேருடைய படிப்பு போய்விட்டது. மைத்துனன் துரத்தின ஆளை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்.

ஹாரனுக்கு நெற்றியில் அடிபட்டது தெரியுமா என்று மட்டும் ஊசி மேடம் கேட்டார்.

"சோப்பு எங்க கிடந்துச்சுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"சோப்புன்னு நாங்க சொல்லவே இல்லையே," என்றான் வால். "ஐயா, நீங்க தபாலை மட்டும்தான் பிரிச்சீங்களா, வாயையும் அப்பப்ப பிரிப்பீங்களா?"

தபால்காரர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு வேகமாக நடந்தார்.

ஊசி மேடம் சமையலறைப் பக்கம் போனார். டீ நேரம் ஆகியிருந்தது. இன்று டீயை அடுப்பிலிருந்து இறக்கியதும் ஆற்றாமல், கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். சமையல்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாருக்காவது சுட்டால் நான் பொறுப்பில்லை என்று சொல்லி ஊற்றினார்.

முதல் டம்ளரை வாங்கியவன் வால். வாங்கிய வேகத்தில் திண்டின்மேல் வைத்துவிட்டுக் கையை உதறினான். எனக்குக் கொடுத்தது டீயா அடுப்பா என்று கேட்டான். படிப்பவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் துண்டின் நுனியைச் சுற்றிப் பிடித்தார். ஒருவர் விளிம்பை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஆறட்டும் என்று நின்றார். தபால்காரர் சட்டை நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாக ஹாரன் வந்தார். நெற்றியில் கட்டு, அகன்ற தோள், வழியில் இருப்பவர்கள் விலகட்டும் என்கிற நடை. அவர் வந்ததும் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டம்ளரை முழுக் கையாலும் இறுகப் பிடித்தார். அப்படியே பிடித்துக்கொண்டு, இந்த டீயில் சர்க்கரை போட்டாயா இல்லையா, உண்மையைச் சொல்லு என்று சமையல்காரரோடு சண்டை பிடித்தார். சண்டை நீண்டது. கை டம்ளரை விடவே இல்லை.

வால் தன்னுடைய சிவந்த உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு ஹாரனின் கையைப் பார்த்தான். சொல்ல வந்த நகைச்சுவை அவனுக்கு மறந்துபோனது.

"டீச்சரைக் கூட்டிட்டு வா," என்றார் ஊசி மேடம் அவன் காதில். "சத்தம் இல்லாம."

*

ஹாரன் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தனியே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஊசி மேடம் எதிரே போய் நின்று, தான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னார். பெண்பிள்ளை துப்பறிந்து தன்னைப் பிடிக்கப் போகிறாளா என்று அவர் சிரித்தார். அது நல்ல சிரிப்பாக இல்லை. புத்தகத்தை நசுக்கியது நான்தான், எழுதிக்கொண்டு போ, மைத்துனனுக்கும் ஒரு நகல் அனுப்பு என்றார்.

"கையைக் காட்டுங்க," என்றார் ஊசி மேடம்.

"ஜோசியமும் பார்ப்பியா?"

கேட்காமலே அவர் வலது கையைப் பற்றித் திருப்பினார் ஊசி மேடம். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பெரிய கொப்புளம் உடைந்து, காய்ந்து, மறுபடி உடைந்திருந்தது. அதன் ஓரத்தில், புத்தகத்தில் பார்த்த அதே பழுப்பு.

"இந்தக் கொப்புளம் எப்ப வந்துச்சு?"

"எந்தக் கொப்புளம்?" என்றார் ஹாரன்.

கேட்டுவிட்டுத்தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. கையை உருவிக்கொண்டார். டம்ளர் தொட்டிச் சுவரில் மோதி உடைந்தது.

"பாதம்தான் முதல்ல போயிருக்கும்," என்றார் ஊசி மேடம் சாதாரணமாக. "கிளட்ச்சை மிதிக்கறது காலுக்கே தெரியாம இருந்திருக்கும். அப்புறம் கண்ணு. இப்ப விரல். சர்க்கரை ஒண்ணைத் தின்னுட்டு நிக்காது. சட்டம் மாட்டி எழுதறதுக்கு விரல் நுனி வேண்டியதில்ல, ஆணி குழியைத் தேடிக்கும். படிக்கறதுக்கு நுனி வேணும். வகுப்புல எழுதறீங்க, படிக்க மாட்டேங்கறீங்க. சாயங்காலம் யாரும் இல்லாதப்ப முதல் பாடத்தைத் திறந்து, ஒரு எழுத்தாவது தட்டுப்படாதான்னு அழுத்தி, அழுத்தி, இன்னும் அழுத்தி... வரித் தொடக்கத்தைத் தாண்டி உங்களால போகவே முடியல. இது வரலன்னா அடுத்த பாகம் வருமான்னு அதையும் எடுத்தீங்க."

ஹாரனின் குரல் தணிந்திருந்தது. ஆனால் அதில் இருந்த வெறுப்பு தணியவில்லை.

"இதைப் போய் அவங்ககிட்ட சொல்லிட்டா நீ பெரிய ஆளு. இங்க ஒரு சட்டம் இருக்கு தெரியுமா? கத்துக்க முடியாதவனுக்கு இடம் இல்ல. மைத்துனன் வீட்டுல எனக்கு மாடிப்படிக்குக் கீழ ஒரு பாய். நான் வீட்டுல இருக்கேன்னு வர்றவங்ககிட்ட சொல்லக்கூட மாட்டாங்க. எப்படியும் என்னை அனுப்பத்தான் போறீங்க. முரடன்னு சொல்லி அனுப்புங்க. லாயக்கில்லாதவன்னு சொல்லி அனுப்பாதீங்க."

"எவ்வளவு நாளா?" என்று இன்னொரு குரல் கேட்டது.

வாசலில் டீச்சர் நின்றிருந்தார். பக்கத்தில் வால், அவரை ஒட்டுக்கேட்கக் கூட்டிவந்த குற்றவாளி முகத்தோடு நின்றான். ஹாரன் குரல் வந்த பக்கம் திரும்பி, கூடவே ஆள் வைத்து ஒட்டுக்கேட்டாயா என்று ஊசி மேடத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவர் திட்டி முடிக்கும்வரை ஊசி மேடம் காத்திருந்தார்.

"எவ்வளவு நாளான்னு கேட்டேன்," என்றார் டீச்சர்.

"வந்த நாள்லேருந்து."

"வந்த நாள்லேருந்து என் வகுப்புல உட்கார்ந்து எனக்கே தெரியாம ஏமாத்தியிருக்கீங்க."

"உனக்குத் தெரியலன்னா அது உன் லட்சணம்."

வால் கண்ணை மூடிக்கொண்டான். அடி விழும் என்றே நினைத்தான். டீச்சர் ஒன்றும் செய்யவில்லை. தடியைத் தரையில் ஊன்றி அப்படியே நின்றார்.

அதற்குள் நிர்வாகி வந்துவிட்டார். டம்ளர் உடைந்த சத்தம் கேட்டிருக்கிறது. செய்தது இவர்தானே என்று கேட்டார். ஆமாம், இவர்தான் என்றார் ஊசி மேடம். நிர்வாகி நிம்மதியாகப் பேனாவை எடுத்தார்.

"யார் செஞ்சாங்கன்னு கேட்டீங்க, சொல்லிட்டேன். என்ன செஞ்சார்னு நீங்க கேட்கவே இல்ல. நசுக்கல சார். படிச்சார்."

நடந்ததைக் கேட்ட நிர்வாகி கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பரிதாபம்தான் என்றார். ஆனால் நிலைமை அதனால் மாறவில்லை, இன்னும் எளிதாகத்தான் ஆகிறது. விரலில் உணர்வே இல்லாத ஒருவருக்குப் பிரெய்ல் கற்றுக்கொடுக்க இயலாது, இயலாதவர்களை வைத்துக்கொள்ள இல்லத்தின் விதியில் இடமில்லை என்றார். போலீசுக்குப் போக வேண்டாம், நாளைக்கு மைத்துனனை வரச் சொல்கிறேன் என்று முடித்தார்.

ஹாரன் ஊசி மேடம் பக்கமாகத் தலையைத் திருப்பினார். கேட்டாயா என்று சொல்வது போல இருந்தது.

"இயலாதுன்னு யார் சொன்னது?" என்றார் டீச்சர்.

"நீங்கதானேம்மா இவரை அனுப்பச் சொல்லி..."

"அனுப்பச் சொன்னேன். கத்துக்க முடியாதுன்னு நான் சொல்லல. அதை இங்க சொல்ல வேண்டியவ நான் ஒருத்திதான். நீங்க கணக்கு வழக்கைப் பாருங்க." பிறகு வாலை விரட்டினார். "முதல் பாகத்தை எடுத்துட்டு வாங்க. ஓரத்தைப் பிடிச்சு. புள்ளி மேல கை படக்கூடாது."

தொட்டிக் கரையை முந்தானையால் துடைத்துவிட்டுப் புத்தகத்தை அதன்மேல் விரித்தார் டீச்சர். வரிகளின் கடைசிப் பகுதி எல்லாம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்றார். தன்னோடு படித்த ஒருத்திக்கு இரண்டு கையுமே கிடையாது, அவள் உதட்டால் வாசித்தாள், தன்னைவிட வேகமாக வாசித்தாள் என்றார். சொன்ன விதத்தில் அன்போ ஆறுதலோ இல்லை. வகுப்பில் பாடம் நடத்துகிற அதே வறண்ட குரல்.

"குனிங்க. கீழுதட்டை வைங்க. அழுத்தாதீங்க. அழுத்தினீங்கன்னா இதுவும் போச்சு."

"நாய் மாதிரி மோந்து பார்க்கச் சொல்றியா? இத்தனை பேர் முன்னால?"

"சொல்றேன். முடியாதுன்னா மாடிப்படிக்குக் கீழ போங்க."

நிர்வாகி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாலுக்கும் திருப்பிக்கொள்ளத் தோன்றியது, ஆனால் முடியவில்லை. ஹாரனின் தாடை இறுகியது. எழுந்து போய்விடுவார் என்றுதான் ஊசி மேடம் நினைத்தார். அவர் எழவில்லை. கரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். டீச்சர் அவருடைய பிடரியைப் பிடித்து வரியின் கடைசிக்கு நகர்த்தினார்.

உதடு தாளில் பட்டதும் அவர் உடம்பு முழுவதும் விறைத்தது.

"என்ன இருக்கு?"

டீச்சர் மறுபடி கேட்டார்.

"மேல ஒண்ணு," என்றார் ஹாரன். தாளோடு ஒட்டி வந்தது குரல். "நடுவுல இல்ல. கீழ ஒண்ணு."

"அது என்ன எழுத்து?"

"க."

"அடுத்தது."

"மூணும் இருக்கு. மேலேருந்து கீழ வரைக்கும். ல." அவருடைய முதுகு ஏறி இறங்கியது.

நிர்வாகி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். நூலகத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். கெட்டுப்போன பக்கங்களை நான் சொல்லச் சொல்ல இந்த ஆளே புதுத் தாளில் குத்திக் கொடுப்பார், எழுத்துச் சுத்தம், நான் சரிபார்த்து அனுப்புகிறேன் என்றார் டீச்சர். அப்படியே குளியலறைச் சோப்பைப் பற்றித் தபால்காரரிடம் நீங்கள் விசாரியுங்கள், அது எனக்கு எழுதிக் கொடுத்த வேலை இல்லை என்று ஊசி மேடம் நிர்வாகியிடம் சொன்னார்.

"அடுத்த எழுத்து," என்றார் டீச்சர்.

ஹாரன் உதட்டை நகர்த்தினார். திரும்பக் கொண்டுவந்தார். இன்னொரு தரம் நகர்த்திப் பார்த்துவிட்டு ஒரு எழுத்தைச் சொன்னார்.

"தப்பு."

"தப்பில்ல. உன் புத்தகத்துல அந்தப் புள்ளி நசுங்கிக் கிடக்கு."

"நசுக்கினது யாரு?"

ஹாரன் நிமிர்ந்தார். பதிலுக்கு ஒரு வசவு அவர் நாக்கு நுனிவரை வந்தது எல்லோருக்கும் தெரிந்தது. அதை விழுங்கிவிட்டு, மறுபடி குனிந்து, அந்த நசுங்கிய எழுத்தின் மேலேயே உதட்டை வைத்தார்.